ஊர் நல்லா இருக்கா என்று எதை வைத்துச் சொல்வது?

நாடு வளர்கிறது என்று செய்தியில் வரும்போதெல்லாம் ஒரே ஒரு எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்: ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. இந்தக் காலாண்டில் இத்தனை சதவீதம் கூடியது, அந்த நாட்டை முந்திவிட்டோம், அடுத்து இந்த நாட்டைப் பிடித்துவிடுவோம் என்று பேச்சு போகும். சரி, அந்த எண் ஏறியதால் நம் தெருவில் என்ன மாறியது என்று கேட்டால் பதில் வராது. அதைச் சொல்வதற்காக அந்த எண் உருவாக்கப்படவே இல்லை.

அப்படியென்றால் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரடியாகவே அளந்துவிடலாமே? அளக்கலாம். பல நாடுகள் பல வருஷங்களாக அதைச் செய்து பார்க்கின்றன. இந்த விஷயத்தை முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, மதுரையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஜிடிபி எதை எண்ணுகிறது

ஒரு வருஷத்தில் நாட்டுக்குள் உற்பத்தியாகும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் பண மதிப்புப் போட்டுக் கூட்டினால் ஜிடிபி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கூட்ட முடியாது. மேலூர்ப் பக்கம் ஒரு விவசாயி நெல்லை விற்கிறார். ஆலைக்காரர் அதை அரிசியாக்கி விற்கிறார். மதுரையில் ஒரு மெஸ் அந்த அரிசியை இட்லியாக்கி விற்கிறது. மூன்று விலையையும் கூட்டினால் ஒரே நெல்லை மூன்று தடவை எண்ணியதாகிவிடும். அதனால் ஒவ்வொருவரும் தன் கட்டத்தில் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் கடைசியில் இட்லிக்கு நாம் கொடுக்கும் விலை வரும்.

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ். 1930களில் அமெரிக்கா பெருமந்தத்தில் கிடந்தது. எத்தனை தொழில் முடங்கியது, எவ்வளவு வருமானம் போனது என்று அரசுக்கே ஒழுங்கான கணக்குத் தெரியவில்லை. குஸ்நெட்ஸ் 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு தேசிய வருமான அறிக்கையைக் கொடுத்தார். அதே அறிக்கையில் ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: ஒரு தேசத்தின் நலத்தை அதன் வருமான அளவிலிருந்து ஊகித்துவிட முடியாது என்று. கருவியைச் செய்தவரே இது இதற்கு உதவாது என்று சொல்லிவிட்டார். உலகம் கருவியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

ஜிடிபி வேண்டாத எண் என்று நான் சொல்ல வரவில்லை. தொழில் படுத்துவிட்டதா, வரி எவ்வளவு வரும், அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கெல்லாம் அது தேவை. வரி வராமல் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது. சந்தையில் ஓடும் பணத்தை அளக்க அது நல்ல கருவி. அந்த வேலைக்கு வெளியே அதை இழுத்துக்கொண்டு போவதில்தான் கோளாறு.

சமையலறைக்குள் போகாத கணக்கு

மேலே சொன்ன நெல்லையே எடுத்துக்கொள்வோம். அந்த விவசாயி ஐந்து மூட்டையை விற்காமல் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறார். அந்த ஐந்து மூட்டையும் ஜிடிபி கணக்கில் உண்டு. சொந்தத் தேவைக்கு விளைவித்தாலும் அது பொருள், அதனால் மதிப்புப் போட வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. அந்த நெல் அரிசியாகி வீட்டுக்கு வருகிறது. அவர் மனைவி அதைக் களைந்து, உலையில் போட்டு, வடித்து, குழம்பு வைத்து, ஐந்து பேருக்குப் பரிமாறி, பாத்திரத்தையும் தேய்த்து வைக்கிறார். இதில் எதுவும் கணக்கில் வராது. வீட்டுக்குள் வீட்டாருக்காகச் செய்யும் சேவையைச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அவரே அடுத்த தெருவில் சம்பளத்துக்குச் சமைக்கப் போனால் அன்றைக்கே கணக்கில் வந்துவிடுவார்.

அடுப்படிக்குள் கோடு கிழித்து, இந்தப் பக்கம் உற்பத்தி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்வது எனக்கு இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். அளக்க முடியாது என்ற சாக்கும் இனிமேல் செல்லாது. இந்திய அரசே 2019இலும் 2024இலும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முறை எளிமையானது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து, முந்தைய நாள் அதிகாலை நாலு மணியிலிருந்து அடுத்த நாள் அதிகாலை நாலு மணி வரை ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். நம் ஊரில் அந்தப் பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போகும்:

“அக்கா, என்ன வேலை பாக்குறீங்க?”

“வேலைக்கெல்லாம் போகல தம்பி, வீட்டுலதான் இருக்கேன்.”

“சரிக்கா, நேத்து காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?”

“நாலரைக்கு. தண்ணி வர்ற நாளு. புடிச்சு வச்சுட்டு, வாசல் தெளிச்சு கோலம் போட்டு, புள்ளைகளுக்குச் சமைச்சு…”

ஒன்பது மணியைத் தொடுவதற்குள் கணக்கெடுப்பவரின் தாளில் பாதிப் பக்கம் நிரம்பிவிடும். இப்படி நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்ததில், 2024இல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். பிள்ளைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை தனி: அதில் ஈடுபடும் பெண்களுக்கு 137 நிமிஷம், ஆண்களுக்கு 75. ஐந்து வருஷத்துக்கு முன்பு வீட்டு வேலையில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97 என்று இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. அதாவது இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே நிற்கிறது. அந்த ஐந்து வருஷ ஜிடிபி புள்ளிவிவரத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் இந்த ஒரு செய்தி கிடைக்காது.

கெட்டதும் வரவு, மலிவானது கழிவு

ஜிடிபிக்கு நல்ல செலவு, கெட்ட செலவு என்ற பேதம் கிடையாது. வைகையில் தண்ணீர் ஓடி, கண்மாய் பெருகி, கிணறு ஊறி, குழாயிலும் ஒழுங்காக வந்தால் யாரும் யாருக்கும் பெரிதாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கண்மாய் வற்றி, நிலத்தடி நீர் இறங்கிவிட்டால் போர் போடுகிறோம். அது செலவு. போரில் தண்ணீர் இல்லையென்றால் லாரித் தண்ணீர். அதுவும் செலவு. குடிக்க கேன் வாங்குகிறோம். உப்புத் தண்ணீர் குடித்து உடம்புக்கு வந்தால் வைத்தியம் பார்க்கிறோம். இவ்வளவும் ஜிடிபியில் கூட்டல் குறியோடுதான் சேரும். பொருளாதார நிபுணர்கள் இதற்கு நேர்மையான பதில் வைத்திருக்கிறார்கள்: பணப் பரிமாற்றத்தை அளப்பதுதான் வேலை, அதில் நியாயம் பார்ப்பது இல்லை என்பார்கள். சரி, அப்படியானால் அதை முன்னேற்றம் என்று மேடையில் சொல்லாமல் இருந்தால் போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவதை வைத்து, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கண்புரை அறுவை செய்வது அவர்கள் முறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நூறு டாலர் அளவுக்கு விலை. 1992இல் அரவிந்த் தொடங்கிய அரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் அதை இங்கேயே செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் சேவையை ஜிடிபியில் எப்படிச் சேர்க்கிறார்கள் தெரியுமா? அதைச் செய்ய ஆன செலவை வைத்து. சிக்கனமாகச் செய்தால் கணக்கில் ஏறும் மதிப்பும் சின்னதாகிவிடும். பார்வை மங்கிப்போய்த் திண்ணையோடு கிடந்த ஒரு பாட்டி மறுபடி தானாகப் பேருந்து ஏறி மாட்டுத்தாவணிக்குப் போய்வருகிறார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அரசு செய்யும் வேலைக்கும் இதே விதிதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. ஜிடிபியைப் பொறுத்தவரை அது ரவை, சேமியா, எரிவாயு, சமையல்காரர் சம்பளம். பிள்ளை பசியோடு முதல் பாடவேளையில் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பது வேறு எங்காவதுதான் எழுதப்பட வேண்டும்.

அரிட்டாபட்டி: மலையைக் கணக்கில் எழுதுவது எப்படி

மேலூர் போகும் வழியில் இருக்கும் அரிட்டாபட்டியை இப்போது தமிழ்நாடே அறியும். ஏழு குன்றுகள், குகையில் தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாறையில் குடைந்த சிவன் கோயில், ஊற்றுகள், குளங்கள், அந்தப் பாறைகளை நம்பி வாழும் வல்லூறு வகைப் பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாக ஒன்றிய அரசின் அறிவிப்பு வந்தது. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். சட்டமன்றமும் டிசம்பரில் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் சுற்றுவட்டார மக்கள் மதுரைக்கே பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

இந்தச் சம்பவத்தை ஜிடிபி கண்ணாடி போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? சுரங்கம் வந்திருந்தால் தோண்டி எடுத்த தாதுவின் மதிப்பு, லாரி வாடகை, கூலி எல்லாம் வருஷா வருஷம் கூடும். ரத்து ஆனதால் அது வராமல் போனது. அதாவது அந்தக் கணக்கின்படி மேலூர் மக்கள் நாட்டின் வளர்ச்சியைத் தடுத்தவர்கள்.

கோளாறு எங்கே என்றால், ஜிடிபி ஒரு வருஷத்து வரவை மட்டுமே பார்க்கிறது. இருப்பைப் பார்ப்பதில்லை. ஓர் இயந்திரம் தேய்ந்தால் அந்தத் தேய்மானத்தைக் கழிக்கும் கணக்காவது தனியாக உண்டு, அதற்கு நிகர உற்பத்தி என்று பெயர். மலை கரைந்தால், ஊற்று அடைபட்டால், கண்மாய்க்கு வரும் ஓடை மூடினால், அதைக் கழிக்க நடப்புக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. மேலூர் மக்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. கிரானைட் குவாரிகள் அந்தப் பகுதி நிலத்தை என்ன செய்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஒரு குன்று போனால் திரும்ப வராது என்று தெரிந்ததால்தான் அத்தனை ஊரும் ஒன்றாக நின்றது.

இதைச் சரிசெய்ய ஐ.நா. 2012இல் சுற்றுச்சூழலையும் பொருளாதாரத்தையும் இணைக்கும் கணக்கு முறையை உலகத் தரமாக ஏற்றது. காடு, நீர், மண், தாது என்று ஒவ்வொன்றுக்கும் வருஷத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, முடிவில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதும் முறை அது. இந்தியாவும் 2018 முதல் இப்படிச் சில கணக்குகளை வெளியிடுகிறது. ஆனால் செய்தியில் வருவதும் மேடையில் முழங்குவதும் இன்னும் பழைய எண்தான்.

அப்போ எதை அளப்பது?

முதல் பெரிய மாற்று 1990இல் வந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், தன்னைப் போலவே பொருளாதார அறிஞரான நண்பர் அமர்த்தியா சென்னின் துணையோடு, ஐ.நா.வுக்காக மனித வளர்ச்சிக் குறியீட்டை உருவாக்கினார். எத்தனை வயதுவரை வாழ்கிறோம், எத்தனை வருஷம் படிக்கிறோம், தலைக்கு வருமானம் எவ்வளவு, இந்த மூன்றும் சேர்ந்த எண் அது. மொத்த ஜிடிபியில் 2025இல் உலகின் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்றாக நின்ற இந்தியா, அதே வருஷம் வந்த அறிக்கையில் 193 நாடுகளில் 130ஆவது இடத்தில் இருந்தது. இலங்கை 89ஆவது. ஒரே நாட்டைப் பற்றிய இரண்டு எண்கள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதே, முதல் எண் எதை மறைக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

அதற்கப்புறம் வந்தது பல்பரிமாண வறுமைக் குறியீடு. வருமானத்தைக் கேட்காமல் வீட்டில் என்ன இல்லை என்று பார்ப்பது. சத்துணவு, பள்ளி, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம் என்று ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 12 விஷயங்களைப் பார்க்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, யார் வீட்டில் எது குறைகிறது என்று தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியும் என்பது. அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வது என்று உடனே தெரிந்துவிடும்.

இவை இரண்டும் குறையை அளப்பவை. குறை இல்லாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்று சொல்லி இன்னும் ஓர் அடி மேலே போனது பூட்டான். 1970களில் அதன் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், மொத்த தேசிய உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சிதான் முக்கியம் என்றார். வெறும் பேச்சாக விட்டிருந்தால் இன்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2008 அரசியல் சாசனத்தில் அதை எழுதினார்கள். நாட்டில் 60 சதவீத நிலம் எப்போதும் காடாக இருக்க வேண்டும் என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறது. அப்புறம் அளக்க ஒரு முறையையும் செய்தார்கள்.

அந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பெயரைக் கேட்டதும் ‘சந்தோஷமா இருக்கீங்களா’ என்று கேட்டு மார்க் போடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனநலம், உடல்நலம், கல்வி, நேரம், பண்பாடு, நல்லாட்சி, அக்கம்பக்க உறவு, இயற்கை, வாழ்க்கைத் தரம் என்று ஒன்பது துறைகள். அவற்றுக்குள் 33 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் ‘இது இருந்தால் போதும்’ என்று ஒரு கோடு. தூக்கம் எட்டு மணி நேரம் என்பது ஒரு கோடு. வேலை எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொன்று, அந்த வேலையில் சம்பளமில்லாத வீட்டு வேலையும் சேர்த்தி. காட்டு விலங்குகளால் பயிர் சேதமாகிறதா, பக்கத்து வீட்டாரை நம்ப முடிகிறதா, கைவினைத் தொழில் ஏதாவது தெரியுமா என்றுகூடக் கேட்கிறார்கள். மொத்த அளவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கோட்டைத் தாண்டியவரை மகிழ்ச்சியானவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2010இல் அப்படி 40.9 சதவீதம் பேர் இருந்தார்கள், 2022இல் 48.1 சதவீதம்.

‘போதும்’ என்று ஒரு கோடு இருப்பதுதான் இதில் உள்ள பெரிய மாற்றம். ஜிடிபிக்குப் போதும் என்பதே கிடையாது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டான் முறையில் ஏற்கெனவே எல்லாம் கிடைத்தவருக்கு மேலும் மேலும் சேர்வதால் எண் ஏறாது. கோட்டுக்குக் கீழே இருப்பவர் மேலே வந்தால்தான் ஏறும். அதனால் அரசின் கவனம் தானாகவே கீழே இருப்பவர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆனால் பூட்டானைச் சொர்க்கம் என்று எழுதினால் அது பொய். இதே கொள்கையைப் பேசிய காலத்தில்தான், 1990களில், நேபாளி மொழி பேசும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து வெளியேறி நேபாளத்தில் அகதி முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். நாட்டின் மகிழ்ச்சியை அளக்கும்போது யாரை நாட்டு மக்கள் என்று எண்ணுகிறோம் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். சமீப வருஷங்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போவதும் நடக்கிறது. நல்ல வேலையும் வருமானமும் நல்வாழ்வுக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

‘ஏதோ இருக்கோம்’

இன்னொரு வழி, மக்களையே மார்க் போடச் சொல்வது. பூட்டான் முன்வைத்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 2011இல் ஏற்றது. மறு வருஷம் முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை வந்தது. அதில் கேட்பது ஒரே கேள்வி: பத்துப் படி உள்ள ஓர் ஏணியில், மேல்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது, நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு வருஷமும் பின்லாந்துதான் முதலிடம். 2025இல் இந்தியாவுக்கு 118.

இந்த எண்ணைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் இதை மட்டும் நம்பவும் கூடாது. மனிதர்கள் கஷ்டத்துக்குப் பழகிவிடுகிறோம். நம் பக்கம் யாரிடமாவது ‘எப்படி இருக்கீக’ என்று கேட்டால், வீட்டில் என்ன நடந்தாலும் ‘ஏதோ இருக்கோம், மீனாட்சி புண்ணியத்துல ஓடுது’ என்றுதான் வரும். அமர்த்தியா சென் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. வங்காளப் பஞ்சத்துக்கு மறு வருஷம், 1944இல், சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்புக்கு முடியவில்லை அல்லது அவ்வளவு சுகமில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தப் பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்ததால் அல்ல. முடியவில்லை என்று சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாகவே நினைக்காமல் வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆகையால் கேட்கவும் வேண்டும், இரத்தசோகை இருக்கிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எழுதவும் வேண்டும்.

பிரான்ஸ் அமைத்த குழு ஒன்று, பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் தலைமையில், சென்னும் இடம்பெற்று, 2009இல் அறிக்கை தந்தது. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பிசைந்துவிடாமல் பல எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. முழு உடல் பரிசோதனை எடுத்தால் சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் என்று தனித்தனி வரியாகத்தான் தாளில் வரும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து உங்கள் உடம்பு இத்தனை மார்க் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. நியூசிலாந்து 2019இல் நல்வாழ்வு பட்ஜெட் என்றே ஒன்றைப் போட்டது. வேல்ஸ் 2015இல் வருங்காலத் தலைமுறையின் நல்வாழ்வுக்குச் சட்டமே போட்டது. இவற்றின் பலன் எவ்வளவு என்பதில் அங்கேயே விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் நடப்பதே நல்லதுதான்.

நம் வார்டுக்கும் ஊராட்சிக்கும்

இதற்கு டெல்லியிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, மதுரைக்கும் தனியாக உண்டு. எத்தனை பெண்களுக்கு இரத்தசோகை, எத்தனை குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள், எத்தனை வீட்டில் சுகாதாரமான கழிப்பறை என்றெல்லாம் அதில் பார்க்கலாம். கவுன்சிலரிடம் பேசும்போது அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். அங்கே வரவு செலவு வாசிக்கிறார்கள், எத்தனை மீட்டர் சாலை போட்டோம் என்று சொல்கிறார்கள். அதோடு இன்னும் சிலவற்றையும் வாசிக்கச் சொல்லலாம். நம் கண்மாயில் போன வருஷம் இதே மாதம் எவ்வளவு தண்ணீர் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது? தண்ணீர் பிடிக்க ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது? பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? இரவு எட்டு மணிக்குமேல் ஒரு பெண் தனியாக நடந்து வர பயப்படும் தெரு எது? இவற்றில் எதற்கும் பெரிய நிபுணர் தேவையில்லை. ஒரு நோட்டும், வீடு வீடாகப் போகச் சுயஉதவிக் குழுப் பெண்கள் நாலு பேரும் போதும்.

நகரத்துக்குள்ளும் அளக்க எவ்வளவோ இருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளம் பல வருஷம் காய்ந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடமாகக் கிடந்தது. இப்போது வைகைத் தண்ணீரை விட்டு நிறைக்கிறார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து படியில் உட்காருகிறார்கள், வயதானவர்கள் சுற்றி நடக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லாததால் ஜிடிபிக்கு அது தெரியாது. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, அங்கே நடக்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மாநகராட்சி ஒரு வருஷம் தொடர்ந்து எண்ணினாலே, அடுத்த குளத்துக்கு நிதி கேட்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

பெரிய அளவில் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு மாநில அளவோடு நின்றுவிடுகிறது. தேசியக் கணக்கெடுப்புகளில் மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதல் வீடுகளைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அடுத்த முறை தமிழ்நாடு அதைச் செய்து மாவட்ட வாரியாக எண்களை வெளியிட வேண்டும். செல்லூரில் தறி ஓட்டும் வீட்டிலும் உசிலம்பட்டியில் ஆடு வளர்க்கும் வீட்டிலும் ஒரு நாள் யாருக்கு எப்படிக் கழிகிறது, யார் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பது அப்போதுதான் மதுரையின் கணக்கில் ஏறும்.